தரையை விட்டு எழும்பிய ரொட்டிக் கடை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கிற, கோதுமை புகாத ரொட்டிக் கடை தரையை விட்டு எழும்பியதைப் பற்றி வெளியூர்களில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அது பறந்தது என்கிறார்கள், பறக்கவில்லை. பம்பரம் போலச் சுழன்றது என்கிறார்கள். ஒரு முறையும் சுழன்றதில்லை, அதன் முகப்பு எப்போதும் கிழக்கே பார்த்தபடியே இருந்தது. மேலேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது என்கிறார்கள். கேட்டதெல்லாம் மாவு அடிக்கிற இயந்திரத்தின் இரைச்சலும் எப்சிபாவின் இருமலுந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், அதற்குமேல் ஒன்றையும் சேர்க்கத் தேவையில்லை என்பதால், அப்படியே சொல்லுகிறோம்.

எப்சிபாவின் ஒரே மகள் கெசியாவுக்குக் கோதுமை ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மழைக்காலத்துத் தயிர் ஆகாது என்று சொல்லுகிறோமே, அந்த ஆகாது அல்ல. பிசைந்த மாவை இழுபட வைக்கிற ஒரு பசை கோதுமையில் இருக்கிறது. அந்தப் பசை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அந்தப் பிள்ளையின் குடல் தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். இது தெரிய வருவதற்குள் அவளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள், குடல் ஏறிவிட்டது என்று குடல் தட்டினார்கள், எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்து நடிக்கிறாள் என்று இரண்டு அடியும் கொடுத்தார்கள். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் அவள் ஆன பிறகுதான் மதுரையில் ஒரு மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். எப்சிபாவின் கணவன் கப்பலில் வேலை பார்த்தவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே இருந்துவிட்டான். அதைப் பற்றி எங்கள் தெருவில் பேசுவதில்லை. ஆகவே எப்சிபா தனியாகவே, தன் பெற்றோர் விட்டுச்சென்ற ஓட்டுக் கட்டடத்தில், கோதுமையின் தூசுகூடப் புகாத ஒரு ரொட்டிக் கடையைத் தொடங்கினாள். பள்ளியிலோ கல்யாண வீட்டிலோ ஆலயத்தின் அசன விருந்திலோ கேட்டுக் கேட்டு, பயந்து பயந்து உண்ண வேண்டியிருந்த அந்தப் பிள்ளை, யாரையும் எதையும் கேட்காமல் கையை நீட்டி எடுத்துத் தின்னக்கூடிய ஓர் இடம் உலகத்தில் இருந்தது என்றால், அது அந்தக் கடை ஒன்றுதான்.

வரகு, குதிரைவாலி, சிவப்பரிசி, மரவள்ளி மாவு, முட்டையின் வெள்ளை, பசைக்குப் பதிலாகக் கொஞ்சம் இசப்கோல் உமி இவற்றைக் கொண்டு அவள் ரொட்டி செய்தாள். மாவை இழுத்துப் பிடிக்கிற பசை இல்லாத காரணத்தால் ரொட்டி எழும்பவில்லை. எழும்பாத ரொட்டியும் ரொட்டிதான் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பேர்கள் தூரத்து ஊர்களிலிருந்தும் வந்து வாங்கினார்கள். தெருக்காரர்கள் இரக்கத்தினால் வாங்கினார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று தவறாக நம்பியவர்களும் வாங்கினார்கள், அது தவறு என்பதை எப்சிபா ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தாள். ஆனாலும் காலைதோறும் அவள் அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, எழும்பு, எழும்பு என்று ரொட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் கேட்டாள், வெயில்காலத்தில் கேட்டாள், காய்ச்சலோடு கேட்டாள், கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லில் இருந்த ஆசையெல்லாம் வற்றி, அது மூச்சு விடுவதைப் போன்ற ஒரு பழக்கமாகிப்போன ஒரு நாளில், கடை எழும்பியது.

முதல் நாள் ஒரு விரற்கடைதான். முற்றத்தைக் கழுவிய தண்ணீர் வாசற்படியில் முட்டித் திரும்பாமல், சுவரின் அடியில் நுழைந்து பின்பக்கத்துச் சாக்கடைக்குப் போனதைக் கண்டுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த வேதமுத்து அண்ணாச்சி குனிந்து, ஓர் அளவுகோலைச் சுவரின் அடியில் அந்தப் பக்கம் தள்ளி இந்தப் பக்கம் எடுத்தார்.

"ஏ எப்சி, கடைய மேல கொண்டு போயிட்டா வீட்டு வரி கெடையாதுன்னு எவனும் சொன்னானா?"

"அண்ணாச்சி, நான் ரொட்டியத்தான் எழும்பச் சொன்னேன்."

"பேரு சொல்லிச் சொல்லணும்லா பிள்ளே. மொட்டையா எழும்பு எழும்புன்னா எது எழும்பும்னு யாரு கண்டா?"

அதிசயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதாமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: ஓர் அதிசயம் ஒரு தெருவுக்கு வந்தால், அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு வேலை கூடுகிறது. வாசலில் முதலில் ஒரு கல்லைப் போட்டோம், பிறகு கல்லின் மேல் கல்லை வைத்தோம், பிறகு கொத்தனாரை அழைத்துப் படி கட்டச் சொன்னோம். அவர் கட்டி முடிப்பதற்குள் கடை இன்னும் மேலே போய்விட்டதால் அந்தப் படிகள் எங்கும் சேராமல் நின்றன. கடைசியில், கட்டடம் கட்டுகிறவர்கள் மூங்கிலால் சாரம் கட்டுவதைப் போல, கடைக்குப் பக்கத்தில் ஒரு சாரத்தைக் கட்டி, அதில் பலகைப் படிகளை வைத்து, கடை போகப் போக மூங்கிலை நீட்டிக் கட்டிக்கொண்டு போனோம். மின்கம்பியை நீட்ட வந்தவர் எரிச்சலோடு, "இன்னும் எவ்வளவு தூரம் போகும்னு சொன்னா ஒரேயடியா விட்டுட்டுப் போயிருவேன்லா, வாரா வாரம் என்னால வர முடியாது" என்றார். வரி அளக்க வந்த அலுவலர், தரைத்தளம் இல்லாத மாடியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தலையைச் சொறிந்து, எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். போதகர் பிரசங்கத்தில் அதை அற்புதம் என்றும் சொல்லவில்லை, அற்புதம் அல்ல என்றும் சொல்லவில்லை. குழந்தைகள் அதன் அடியில் நின்று விளையாட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். குழந்தைகள் விளையாடவில்லை, ஆனால் நிழல் இருந்ததால் ஆட்டோக்காரர்கள் வண்டிகளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள், ஆடுகள் படுத்தன, பெண்களின் ஜெபக்கூட்டம் காற்றோட்டத்திற்காக அங்கே நாற்காலி போட்டது. முட்டி வலிக்காரர்களுக்காக எப்சிபா கயிற்றில் ஒரு கூடையைக் கட்டி இறக்கினாள். ரொட்டி மட்டும் எழும்பவில்லை. எவ்வளவு உயரத்தில் வெந்தாலும் அது தட்டையாகவே வெந்தது.

கோதுமை உள்ளே வந்தால் கடை தாழும் என்பதும் தானாகவே தெரிய வந்தது. ஒரு கல்லூரி ஆசிரியை கைப்பையில் சப்பாத்தி டப்பாவோடு ஏறிய அன்று, ஆள் ஏறிய தோணியைப் போலக் கடை ஒரு சாண் அமிழ்ந்தது. அவர் இறங்கியதும் பழைய இடத்துக்குப் போயிற்று. பை நிறைய பிஸ்கட் கொண்டுவந்தவரால் ஒரு முழம் இறங்கியது. அதன் பிறகு எப்சிபா சாரத்தின் அடியில் கொக்கிகளை அடித்து, பைகளை அங்கே மாட்டிவிட்டு, குழாயில் கை கழுவிவிட்டு ஏறும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டாள். அதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம்.

அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில்தான் பழக முடியாத ஒன்று வந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டிலேயே கலக்கி, அலுமினியத் தட்டில் ஊற்றி, பேக்கரிக்குச் சுமந்து கொண்டுபோய், அங்குள்ள பெரிய அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவது வழக்கம். ஒருத்தியுடைய தட்டை வாங்க மறுப்பது அவளுடைய வீட்டையே மறுப்பதற்குச் சமம். கடைத்தெருவில் இருந்த பேக்கரி அந்த ஆண்டு வீட்டுத் தட்டுகளை வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டது. பெரிய அடுப்பு வேறு யாரிடம் இருந்தது? எப்சிபாவிடம் இருந்தது. எதிர்வீட்டு இரத்தினபாய், எப்சிபாவின் பிரசவத்துக்குத் துணை இருந்தவள், கெசியாவைத் தன் மடியில் போட்டு வளர்த்தவள், ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்கச் சாரத்தில் ஏறிப்போனாள்.

"மூணு வாரம்தான பிள்ளே. முடிஞ்சதும் நாங்களே வந்து தேச்சுக் கழுவிக் குடுத்திருதோம். கடையும் கொஞ்சம் கீழ எறங்கும். ஒனக்கும் ஏறி எறங்குத பாடு மிச்சம்."

"கழுவினா போகாதுக்கா. ஓவன்ல ஒட்டிக்கிடும்."

"கொஞ்சம்போல ஒட்டினா என்ன ஆயிரும்? என்னத்த பெரிசா கொண்டு வாறோம், சாணியா? மைதாதான?"

எப்சிபா அன்று காலையில் வரகு மூட்டையைத் தனியாகச் சுமந்து ஏற்றியிருந்தாள். களைத்திருக்கிறவர்கள் சொற்களைப் பொறுக்கி எடுப்பதில்லை. "எம் மவளுக்குச் சாணியாவது பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் கேக் சாணிக்கும் கீழே என்று எப்சிபா சொன்னாளாம் என்ற செய்தி, அந்தப் பெண்கள் சாரத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே தெருக்கோடிக்குப் போய்விட்டது. யாரும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. வழக்கமாகச் செய்துவந்த சின்னச் சின்ன உதவிகளைச் செய்யாமல் விட்டோம், அவ்வளவுதான். மூட்டைகளைக் கயிறு கட்டி மேலே இழுத்துக் கொடுத்த ஆட்டோக்காரர்களுக்குத் திடீரென்று சவாரி கிடைத்தது. தண்ணீர்க் குடத்துக்குக் கை கொடுத்தவர்களுக்குத் தோள்பட்டை வலி வந்தது. வேதமுத்து அண்ணாச்சி எப்போதும் சொல்கிற கேலியைச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்சிபா எல்லாவற்றையும் தானே சுமந்து ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். தண்ணீரைச் சுமந்தாள், மாவைச் சுமந்தாள், எரிவாயு உருளையை ஒவ்வொரு படியாக நகர்த்தி நகர்த்தி ஏற்றினாள். முட்டி இரண்டும் வீங்கின, இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது. ஒரு மாலை அவள் பாதிச் சாரத்தில், மடியில் ஒரு மூட்டையோடு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் உட்கார்ந்திருந்ததை இரத்தினபாய் தன் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தாள். விளக்கு வைத்த பிறகு பார்த்தபோதும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

இரத்தினபாய் கோபக்காரி, ஆனால் கல்நெஞ்சுக்காரி அல்ல. மறுநாள் அவள் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில், கோதுமையிலிருந்து வருகிற மைதா மாவை அழுத்தி நிரப்பி, மூடியைத் தட்டி இறுக்கி, துணியில் சுற்றிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, எப்சிபா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், மாவு டப்பாக்கள் இருந்த மேல்தட்டின் கடைசியில் அதைத் துணியில்லாமல் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் கடை, கால் மடக்கிப் படுக்கிற யானையைப் போல மெதுவாக, ஒரு கீறல்கூட விழாமல், தன் பழைய அஸ்திவாரத்தின் மேல் வந்து அமர்ந்தது.

தெரு சமாதானமாயிற்று. கடை இறங்கியதே எப்சிபாவின் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டோம். எப்போதோ ஏறுவதை நிறுத்திவிட்ட முதியவர்கள் வாசல் வழியாக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எப்சிபா ஒன்றும் விசாரிக்கவில்லை. எழும்பச் சொல்லாமலே எழும்பிய கடை, இறங்கச் சொல்லாமலே இறங்கியது என்று நினைத்தாளோ, நினைக்கவும் சக்தி இல்லையோ, கல்லாவின் பின்னால் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனாள்.

மறுநாள் மரவள்ளி மாவு குறைந்தது. மேல்தட்டில் கடைசியாக ஒரு டப்பா இருந்தது. மரவள்ளி மாவும் வெள்ளை, மைதாவும் வெள்ளை. எப்போதோ தானே எடுத்து ஒதுக்கி வைத்தது என்று எண்ணி அதைக் கொட்டிப் பிசைந்தாள். அன்றைக்கு ரொட்டி எழும்பியது. அடுப்பின் கண்ணாடிக்குப் பின்னால் அது பொன்னிறமாக, வட்டமாக, தட்டின் விளிம்பைத் தாண்டி எழும்பி நிற்பதைக் கண்டு எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தெருவே கூடிவிட்டது. "இதுக்குப் பேருதான் ரொட்டி. இத்தன நாளா நீ வித்தது செங்கல்லு, நாங்களும் வாய் செத்துத் தின்னோம்" என்று வேதமுத்து அண்ணாச்சி தன் பழைய குரலில் சொன்னார். கூட்டத்தில் இரத்தினபாய் இல்லை. அவள் தென்காசிக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் துண்டை எப்சிபா மகளுக்குக் கொடுத்தாள்.

"யம்மா, பஞ்சு மாரி இருக்கும்மா" என்றாள் கெசியா. "இன்னொண்ணு தா."

எழும்பிய ரொட்டியைக் கண்டபோதே எப்சிபாவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். களைத்துப்போனவர்களைப் பற்றி அப்படிக் கேட்கக் கூடாது. ஆயிரம் முறை வேண்டிக்கொண்ட ஒன்று வீடு தேடி வரும்போது, அதை வாசலில் நிறுத்தி வைத்து, நீ எப்படி வந்தாய் என்று விசாரிக்கிறவர் யார்?

சாயங்காலத்திற்குள் கெசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. ஆட்டோக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பிள்ளையின் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, தென்காசியிலிருந்து வந்து இறங்கிய இரத்தினபாய் வீட்டுக்குள்ளும் போகாமல் நேரே அங்கே வந்தாள்.

"எப்சி, அந்த டப்பா என்னோடது."

எப்சிபா பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"மூடிதான வெச்சேன். மூடின டப்பா யாரை என்ன செய்யும்னு நெனச்சேன். நீ சாரத்துல உக்காந்திருந்த இருப்பு எனக்குப் பொறுக்கலட்டி."

"கொஞ்சம் உக்காந்திட்டு எந்திரிச்சிருப்பேன்க்கா" என்றாள் எப்சிபா.

கெசியா பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் உண்ணவில்லை. சோற்றைக் கொடுத்தால் சோற்றைப் பார்த்தாள். கஞ்சியைக் கொடுத்தால் கஞ்சியைப் பார்த்தாள். தன் தாயிடம் அவள் இதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டாள்: "இதுல ஒண்ணும் இல்லயேம்மா?" இல்லை என்றால், சரி என்று சொல்லி, ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். மருந்தைக்கூட முகர்ந்து பார்த்தாள். ஏற்றிய மருந்தினால் தேறியிருந்த கன்னம் மறுபடியும் ஒட்டியது. இப்படியே போனால் திரும்பவும் படுக்கையில் சேர்க்க வேண்டியதுதான் என்று மருத்துவர் எச்சரித்தார்.

எப்சிபா கடையைத் திறந்து சுத்தம் செய்யத் தொடங்கினாள். மாவு தொட்ட மரப்பலகை, சல்லடை, துடைப்பம், தூரிகை, துணி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு எரித்தாள். அடுப்பைக் கழற்றினாள். சுவரைச் சுரண்டினாள். தரையில் மண்டியிட்டு வெந்நீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு நிழல் விழுந்தது. இரத்தினபாய் தலைக்குக் குளித்து, கொடியில் கிடந்ததை எடுக்காமல் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் புது வாளியும் தேய்க்கிற புதுத் தேங்காய்நார்த் தும்பும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுல இருந்த மைதாவையும் கோதுமையையும் தெருக்கோடிக் கோழிப் பண்ணையில குடுத்திட்டேன். கையப் பாரு, வேணும்னா மோந்து பாரு. உள்ள வரட்டா?"

எப்சிபா அவள் கையை வாங்கி முகர்ந்தாள். பிறகு நகர்ந்து, தரையில் இடம் விட்டாள்.

அதன் பின்னர் ஒவ்வொருவராக வந்தோம். வருவதற்கு முன் குளித்தோம். வேதமுத்து அண்ணாச்சி ஓட்டின் மேல் ஏறித் தூசியைத் தட்டினார். அழுக்குத் தண்ணீர் வாளி வாளியாக வெளியே போகப் போகக் கடை தரையை விட்டு எழும்பியது. முதலில் விரற்கடை, பிறகு சாண், பிறகு முழம். உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தேய்ப்பதை நிறுத்தவில்லை, வெளியே நின்றவர்கள் வாளியை எட்டிப் பிடித்து வாங்கினார்கள், எட்டாமல் போனபோது சாரத்தில் ஏறி நின்று வாங்கினார்கள். பொழுது சாய்ந்தபோது கடை, முன்பு இருந்த உயரத்தையும் கடந்து, தெருவின் ஓட்டுக் கூரைகளுக்கெல்லாம் மேலே, ஆலயத்தின் மணி தொங்குகிற மட்டத்தில் போய் நின்றது. இரவோடிரவாகச் சாரத்தை அதுவரைக்கும் நீட்டிக் கட்டினோம். அந்த ஆண்டு எங்கள் கேக்குகள் வீட்டுக் குக்கரில் மணல் பரப்பி வெந்தன, அடி கருகியது, யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எப்சிபா புது மாவில் புது ரொட்டி செய்தாள். எழும்பாத ரொட்டி. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கக் கூடாது, ஆனாலும் தூக்கிக்கொண்டு, சாரத்தின் படிகளில் நின்று நின்று ஏறி வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு துண்டை அறுத்துத் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு தாயி. ஒண்ணும் இல்ல. அம்மை பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

"அன்னைக்கும் நீதானம்மா குடுத்த" என்றாள் கெசியா. குரலில் குற்றம் சாட்டுதல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

எப்சிபா சத்தியம் செய்யவில்லை, கெஞ்சவில்லை, தானே ஒரு வாய் தின்று காட்டவும் இல்லை. அவள் தின்றால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கெசியா நாற்காலியை விட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நிலைப்படியில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கீழே பார்த்தாள். வெகு தூரத்தில் தெரு இருந்தது. ஆட்டோக்களின் கூரைகள் தீப்பெட்டிகளைப் போல இருந்தன. குழாயடியில் யாரோ கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இரத்தினபாயின் முகம் ஒரு பொட்டு அளவுதான் தெரிந்தது. பிள்ளை நெடுநேரம் பார்த்தாள். கடை ஒரு நூல்கூடத் தாழாமல் நிற்கிறதா என்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள்.

பிறகு எழுந்து வந்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, யாரையும் எதையும் கேட்காமல் துண்டை எடுத்துக் கடித்தாள். அது பிடிமானம் இல்லாமல் உதிர்ந்தது. உதிர்ந்ததையும் தட்டிலிருந்து பொறுக்கித் தின்றாள்.